சத்தம் கேட்டால் மட்டும்

கதவைச் சாத்தியதும் திருச்சி நின்றுபோனது. தில்லைநகர் பஸ்களின் ஹாரன், கீழே மருந்துக்கடையில் யாரோ ஷட்டரை இழுப்பது, வரவேற்பில் எஸ்தர் அக்கா போனை எடுத்து, டாக்டர் சாப்பிடப் போயிருக்கார், ரெண்டு மணிக்கு மேல வாங்க என்று ஒரே ராகத்தில் சொல்வது, எல்லாம் அந்தத் தடித்த கதவுக்கு வெளியே போய்விட்டன. மங்கையர்க்கரசி நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரல்களைக் கம்பளத்தில் நன்றாக விரித்துக்கொண்டாள். இது காது சோதிக்கும் அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இது பெட்டிதான். நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த சுவர், முன்னால் இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் இயந்திரமும் அவளுடைய நாற்காலியும். மற்ற நேரமெல்லாம் அவள் அந்தப் பக்கம், காது கேளாதவர்கள் இந்தப் பக்கம். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் அவளே இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பெட்டிக்குள் சோறு கொண்டுபோகக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போடுகிறவர், சட்டமும் அவரோடு சேர்ந்து தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். மடியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மேல் தட்டில் புளியோதரை, கீழே தயிர்சாதம், ஓரத்தில் காகிதத்தில் சுற்றிய அப்பளம். இந்த அமைதியில் அப்பளத்தைக் கடித்தால் மண்டைக்குள் ஓட்டு வீடு சரிகிற சத்தம் கேட்கும். உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத சுகம் அது, அதற்காகவே வாரம் மூன்று நாளாவது அப்பளம் பொரிப்பாள். கடித்தாள். வீடு சரிந்தது. சிரித்துக்கொண்டாள். நாற்பத்து நாலு வயதில் தனியாக உட்கார்ந்து அப்பளம் கடித்துச் சிரிக்கிறவளைப் பார்த்தால் யாரும் என்ன நினைப்பார்கள், நினைக்கட்டும், இங்கே யாரும் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்த போன் மட்டும் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. தேவநாதன்தான். இரண்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ரெண்டு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு மங்கை, என்று காலையில் போனில் சொன்னார். அக்கா நாமக்கல்லேருந்து வந்து உக்காந்திருக்கா, நாளைக்கு நல்ல நாள், லால்குடியில உன் தம்பி வீட்டுக்கு வந்து பூ வச்சிட்டுப் போயிடறோம், திங்கக்கிழமை நீ போயி வேலையை விடறதா எழுதிக் குடுத்துடு, நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் இந்தக் காது நோண்டற வேலை எதுக்கு, மத்தபடி உன் இஷ்டம். அந்த மத்தபடி என்ற சொல் காலையிலிருந்து பல்லிடுக்கில் மாட்டிய கொத்தமல்லித் தண்டாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. நாளும் அவர் குறித்தார், இடமும் அவர் குறித்தார், வேலையை விடும் கிழமையும் அவரே சொல்லிவிட்டார். மத்தபடி என்றால் மிச்சம் என்ன இருக்கிறது, பூ மல்லிகையா முல்லையா என்பதா. ஆனால் அவர் குரல் நல்ல குரல், அதையும் சொல்ல வேண்டும். குரலில் மயங்காதவளா அவள், தொழிலே ஒலிதான். கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறவர், அவர் வாயில் லாபம் நஷ்டம்கூட இதமாக இருக்கும். அம்மாவுக்குக் காது மந்தம் என்று கூட்டிக்கொண்டு வந்தார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நல்ல மழை. அம்மாவின் காதில் கருவி வைத்துப் பார்க்கும்போது இந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி போய் நாலைந்து வருஷம் ஆன மனிதர், அம்மாவுக்காக அழுகிறார். அரசிக்கு அன்றைக்கே கொஞ்சம் இளகிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அவள் அரசி, அவருக்கு மட்டும் மங்கை. எனக்கு நீ அரசி இல்ல, மங்கை, என்றார் ஒருநாள் முக்கொம்பில் வேர்க்கடலை உரித்துத் தந்தபடி. தோலை ஊதி ஊதித் தந்தார். இவ்வளவு வயதுக்கு மேல் ஒருவர் கடலைத் தோலை ஊதித் தருவார் என்று அவள் கனவு கண்டவள் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது, அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதெல்லாம் பொய் என்று இப்போது சொல்ல முடியுமா. கடலை பொய்யில்லை. புளியோதரையில் கடலை அகப்பட்டது, மென்றாள், நன்றாக வறுபட்டிருந்தது.

உன் இஷ்டம். முதலில் அதைக் கேட்டபோது எவ்வளவு பெருமையாக இருந்தது. தம்பி மனைவியிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள், அவர் எதிலும் தலையிட மாட்டார் கமலி, எல்லாம் உன் இஷ்டம்னு விட்டுடுவார். கமலி பாவம், அவளுடைய புருஷன் கத்தரிக்காய் வாங்குவதற்கும் அபிப்பிராயம் சொல்கிறவன், அண்ணி குடுத்து வச்சவங்க என்றாள். அப்புறம் துறையூரில் சித்தி பேத்திக்குக் காது குத்து வந்தது. போயிட்டு வரட்டுமா என்று கேட்டாள். போகாதே என்று அவர் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஆளே இல்லை அவர். ஞாயித்துக்கிழமைதான் நமக்குன்னு கிடைக்குது, சரி, உன் இஷ்டம், என்றார். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு துறையூர் பஸ் ஏறிவிட்டாள். காது குத்தியது ஆசாரி, வலித்தது குழந்தைக்கு, அப்பாடா என்று எல்லோரும் பாயசம் குடித்தார்கள், இவளும் குடித்தாள். திரும்பி வந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவர் போனில் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டே இருந்தது. இருக்கிறார், பேசவில்லை. என்னங்க உடம்பு சரியில்லையா என்று அனுப்பினாள். கோவமா என்று அனுப்பினாள். நான் போயிருக்கக் கூடாது, தப்புதான் என்று அனுப்பினாள். அதற்குத்தான் பதில் வந்தது. எனக்கென்ன கோபம், நான்தான் உன் இஷ்டம்னு சொல்லிட்டேனே. அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்கப்புறம் உன் இஷ்டம் என்று அவர் சொன்னால் அவளே எழுந்து அவர் இஷ்டத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கப் பழகிவிட்டாள். பச்சைப் புடவை கட்டச் சொன்னாரா, இல்லை. அந்த நீலமும் நல்லாத்தான் இருக்கு, உன் இஷ்டம். உடனே பச்சை. எஸ்தரோட சினிமாவுக்குப் போக வேண்டாம் என்றாரா, இல்லை. அந்தம்மா உன் மனசைக் கலைக்கிற ஆளுன்னு எனக்குப் படுது, இருந்தாலும் உன் இஷ்டம். அன்றைக்கு எஸ்தர் அக்கா தனியாகப் போய் இடைவேளையில் வாங்கிய பாப்கார்னில் பாதியைத் திங்கள்கிழமை பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள், நமத்துப் போயிருந்தது, தின்றாள், அழுகை வந்தது, காரம் என்று சொல்லிச் சமாளித்தாள். பாப்கார்னில் ஏது காரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் மறுபடி ஒளிர்ந்தது. இங்கிருந்து பார்க்க அது ஒன்றும் பயங்கரமாக இல்லை, சத்தமில்லாமல் வெளிச்சம் வருகிறது, போகிறது. வெளியே இருந்திருந்தால் இந்நேரம் ஓடியிருப்பாள். அவளுடைய கால் இப்போதும் ஒருமுறை செருப்பைத் தேடத்தான் செய்தது. அட, சும்மா இரு என்று காலிடம் சொன்னாள். இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தன் ரத்தம் ஓடுவதே கேட்கும். முதல்முறை வருகிறவர்கள் பயந்துபோவார்கள், என்னம்மா ஏதோ இரையுது என்பார்கள், அது நீங்கதாங்க என்று சொல்லுவாள். அவளுக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். நான்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் இதே நாற்காலியில் வேறு காரியத்துக்காக உட்கார்ந்தது ஞாபகம் வந்து முகம் சூடானது. வேலையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் பார்க்கலாம், அதுல என்ன இருக்கு என்று தேவநாதன் சொல்லியிருந்தார், சமயபுரம் போகும்போது, காரில், தெளிவாக. பத்துப் பதினைந்து நாள் கழித்து அதைச் சொன்னால், நான் எப்போ சொன்னேன், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். சொன்னீங்களே, சமயபுரம் போகும்போது. சிரித்தார். ஊருக்கெல்லாம் காது பாக்கற, முதல்ல உன் காதைப் பாரு மங்கை, என்று தலையில் செல்லமாகத் தட்டினார். இன்னொரு தடவையும் அப்படி. அம்மா உன்னைத்தான் கேட்டுட்டே இருக்காங்க, நீ சீக்கிரம் வரலன்னா சாப்பிட மாட்டேங்கறாங்க என்பார். கருவியைச் சரிபார்க்க வந்த அந்த அம்மாளிடம் கேட்டால், நான் அப்படிச் சொல்லலையே கண்ணு, எனக்கு நல்லாப் பசிக்குதே என்றாள். அதைச் சொன்னதற்கு, அம்மாவுக்குக் காதும் போச்சு மறதியும் வந்துடுச்சு, உனக்குமா என்றார். பரிதாபம் என்ன என்றால், அவள் நம்பிவிட்டாள். இருபது வருஷமாக மற்றவர் காதைச் சோதித்தவள், வேலை முடிந்ததும் எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டு, எந்தத் திருகை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, தான் உள்ளே போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எஸ்தர் அக்கா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சமையலுக்கு உப்புப் போடுகிற பதத்தில் திருகினாள். எறும்பு ஊர்கிற அளவுச் சத்தம்வரை அரசிக்குக் கேட்டது. பதினெட்டு வயசுப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி கேக்குதுடி உனக்கு, என்றாள் எஸ்தர் அக்கா, யாரு உனக்குக் கேக்கலன்னு சொன்னது. யாருமில்லக்கா, சும்மா. சும்மாவாம். காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்து வீட்டுக்குப் போனவள் அன்று ராத்திரி போனில் அவரிடம் என்ன சொன்னாள் தெரியுமா, மன்னிச்சிடுங்க, நான்தான் சரியாக் கவனிக்கல போல. இதை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது. போடவில்லை, கையில் தயிர்.

தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் கொண்டுவந்திருந்தாள். நாக்கில் வைத்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணுக்குள் காலையில் வந்த பெரியவர் வந்து உட்கார்ந்தார். பெரியகடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், வாழ்நாளெல்லாம் பித்தளையைத் தட்டித் தட்டியே காது போனவர். இதே நாற்காலி. கையில் பட்டனைக் கொடுத்து, ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க, எவ்வளவு மெதுவாக் கேட்டாலும் அழுத்துங்க, கேக்கலன்னா சும்மா இருங்க என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் எந்தச் சத்தமும் போடவில்லை, அவர் அழுத்தினார். இயந்திரத்தில் விளக்கு எரிந்தது. சரி, கை பட்டிருக்கும் என்று விட்டாள். மறுபடி அழுத்தினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள், அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு அழுத்து அழுத்து என்று அழுத்துகிறார். உள்ளே போய், என்னங்கய்யா, சத்தம் கேட்டுதா என்றாள். கேட்ட மாதிரி இருந்துச்சும்மா. நான் ஒண்ணுமே போடலையே. அப்படியா, என்று வெட்கப்பட்டார். விட்டுட்டா தப்பாயிடுமேன்னுதாம்மா. இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், நல்ல மனிதர்கள், யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று வாழ்கிறவர்கள், சும்மா இருக்கிற நேரத்தைத்தான் அவர்களால் தாங்க முடியாது. சும்மா இருந்தால் தான் எதையோ தவறவிட்டுவிட்டதாகத் தோன்றும். அதனால் அழுத்திவிடுவார்கள். விட்டுட்டா தப்பாயிடுமேன்னு. அரசி வாயில் நார்த்தங்காயோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். விட்டுட்டா தப்பாயிடுமேன்னு. கோவமா. உடம்பு சரியில்லையா. நான் போயிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. அவர் ஒன்றுமே போடவில்லை. பச்சைப் புள்ளியை மட்டும் எரியவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள்தான் அழுத்து அழுத்து என்று அழுத்திக்கொண்டிருந்தாள். அடக் கடவுளே, இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொன்னேனே. சொன்னேன்தானே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன், கேக்கலன்னா சும்மா இருங்க, சும்மா இருங்க. பெரியவருக்காவது காது கேட்கவில்லை. அவளுக்கு எறும்பு ஊர்வது கேட்கும். ஊட்டியில் பாத்திரம் விழுந்தால் திருச்சியில் எழுந்து உட்காருகிற காது, அது கேட்காத சத்தத்துக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நார்த்தங்காயை விழுங்கினாள், தொண்டைக்குள் அது இறங்கிய சத்தம் பெரிதாகக் கேட்டது.

அப்படியென்றால் அவர் கெட்டவரா. அந்தக் கேள்வி வந்ததும் மனசு அங்கேயே நின்று சுற்ற ஆரம்பித்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாரே. கடலைத் தோலை ஊதினாரே. போன பொங்கலுக்கு, நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியல, என்றாரே, அதைக் கேட்டு அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சந்தோஷமும் பயமுமாக. இப்போது யோசித்தால் பயம்தான் கொஞ்சம் கூடுதல். அவ இருந்தவரைக்கும் என்னை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல என்று செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் குழையும், இவளுக்கும் குழையும். அந்த மனைவியும் ஒருவேளை அழுத்திக்கொண்டே இருந்தவள்தானோ என்று இன்றைக்குத்தான் தோன்றியது. கெட்டவரோ நல்லவரோ, அதை அவருடைய அக்கா பார்த்துக்கொள்ளட்டும். தனியாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும். வயசானால் யார் பார்ப்பார்கள் என்று தம்பி கேட்பான், கமலி கேட்பாள், காய்கறிக்காரம்மாவும் கேட்பாள். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டாமா. போன காய்ச்சலுக்கு யார் கஞ்சி வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தாள், எஸ்தர் அக்கா பிரெட்டும் ரசமும் கொண்டுவந்தாள், தேவநாதன் போனில், என்கிட்ட சொல்லாம உனக்கு எப்படிக் காய்ச்சல் வரலாம், என்றார். அப்போது அது கொஞ்சலாக இருந்தது. உறையூர் வீட்டு மாடியில் காலையில் துணி உலர்த்தும்போது அடிக்கிற காற்று, சனிக்கிழமை மாலை சங்கிலியாண்டபுரம் போய் மீன் வாங்கி வந்து தனக்கு மட்டும் மூன்று துண்டு வறுப்பது, பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கருவியை மாட்டி முதன்முதலாக அம்மா கூப்பிடும்போது அது திரும்புகிற திரும்பல், இதையெல்லாம் விட்டுவிட்டு திங்கள்கிழமை எழுதிக்கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது. அதை இவ்வளவு நேராகத் தனக்குத் தானே சொல்லி எவ்வளவு நாளாயிற்று. பிடித்திருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு மனிதரும் வேண்டும்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டாள், கடலைத் தோலை ஊதித் தருகிற மனிதர் வேண்டும்தான், ஆனால் அதற்காக ஊதுகிறவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து மெல்ல முடியாது.

ஜன்னலில் நிழல் தட்டியது. எஸ்தர் அக்கா. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. என்னக்கா என்று கையைக் காட்டினாள். எஸ்தர் அக்கா ஆட்காட்டி விரலை மூக்குக்குக் கீழே படுக்கவைத்து மீசை காட்டி, வாசல் பக்கம் கையை நீட்டி, கண்ணை அகல விரித்தாள். வந்துவிட்டார். போனை எடுக்கவில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார். அரசியின் கால் மறுபடியும் செருப்பைத் தேடத்தான் செய்தது. அதை அவள் மறைக்கவில்லை, உள்ளே யாரிடம் மறைப்பது. டிபன் பாக்ஸை மூடுவதற்குள் எஸ்தர் அக்காவை ஒதுக்கிவிட்டு தேவநாதன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, நாளைக்கு வைக்க வேண்டிய பூவுக்கு இன்றைக்கே தயாராக வந்தவர். பேச ஆரம்பித்தார். அவர் பேசுவது இவளுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியவில்லை. அரசி எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நல்ல குரல் இல்லாமல் அவருடைய முகத்தை அவள் பார்த்ததே இல்லை. முதலில் புருவம் மேலே போனது, அது கவலை, எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன். அப்புறம் கை நெஞ்சில் பட்டது, அது நான் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தலை ஒரு பக்கம் சாய்ந்தது, அது அக்கா வந்து உக்காந்திருக்கா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவருடைய கண் ஒரு கணம் இவள் முகத்துக்கு வந்து, பட்டதா என்று பார்த்துவிட்டுப் போனது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளி முகத்தை அப்படித்தான் அவளும் பார்ப்பாள், கேட்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. இவர் வேறு எதற்காகவோ பார்க்கிறார். கடைசியில் பேச்சை நிறுத்தினார், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். குரல் இருந்திருந்தால் இந்த இடத்தில்தான் அவள் உருகியிருப்பாள். அமைதியான பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய அமைதிக்குத் தனியாக ஒரு கனமும் இல்லை. கை கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

கதவைத் திறந்ததும் திருச்சி உள்ளே வந்தது. ஹாரனும் வந்தது, கீழே ஷட்டரும் வந்தது. "எத்தனை தடவை கூப்பிடறது மங்கை," என்றார் தேவநாதன். "உனக்கு என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பதறிப்போய் ஓடி வர்றேன்." "சாப்பிட்டுட்டு இருந்தேன்ங்க," என்றாள். "சாப்பிட்டுட்டு இருந்தியா. நான் காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல." கையோடு கொண்டுவந்த பாக்ஸில் இன்னும் பாதித் தயிர்சாதம் இருந்தது. அவள் கை அதன் மூடியைத் தொட்டுவிட்டது, தொட்டதை அவளே பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். "எதிர்ல மெஸ் இருக்கு, ரெண்டரை வரைக்கும் சாப்பாடு போடுவாங்க," என்றாள். கொஞ்சம் தள்ளி வரவேற்பு மேசையில் எஸ்தர் அக்கா எந்த போனும் அடிக்காமலேயே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். தேவநாதன் குரலைத் தாழ்த்தினார். "என்ன முடிவு பண்ணின?"  இவ்வளவு நேரம் உள்ளே இருந்த தைரியம் வெளியே வந்ததும் ஷட்டர் சத்தத்தில் பாதி கரைந்துவிட்டது, மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணம் வேண்டாம்ங்க." "வேலையை விடணும்னா கஷ்டமா இருக்கா? சரி, கொஞ்ச நாள் பாரு. நான் எப்பவாவது வேண்டாம்னு சொன்னேனா?" "இல்லங்க. வேலைக்காக இல்ல. நான் வேலைக்குப் போகலாம்னு நீங்க சொன்னாலும் வேண்டாம்." "யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று அவர் வரவேற்புப் பக்கம் திரும்பினார். எஸ்தர் அக்கா ரிசீவருக்குள், ரெண்டு மணிக்கு மேல வாங்க என்றாள். "யாரும் சொல்லிக் குடுக்கலங்க. உங்க மேல எனக்குப் பிரியம் இருக்கு. பயமும் இருக்கு. பயம்தான் அதிகமாயிட்டுது. அதோட குடும்பம் நடத்த என்னால முடியாது." இதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

 தேவநாதன் வாரிய தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். முகம் சிறுத்துப் போயிருந்தது, அதைப் பார்க்க அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, நிஜமான வருத்தம். "அக்கா கிட்ட நான் என்ன சொல்றது?" என்றார். அவள் பேசவில்லை. "அம்மா கேட்டா என்ன சொல்றது?" அதற்கும் பேசவில்லை. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவளிடம் எப்போதும் கைவசம் பதில் இருக்கும். நான் வந்து அக்காகிட்டப் பேசறேங்க, அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேங்க, நீங்க கவலைப்படாதீங்க. அவர் காத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் யாரோ இருமிக்கொண்டு ஏறி வருவது கேட்டது, மத்தியானத்தின் முதல் நோயாளி. "அப்போ நான் என்ன பண்ணட்டும் மங்கை, அதையாவது சொல்லு," என்றார் தேவநாதன், அவ்வளவு நல்ல குரலில். அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள், அந்த மரியாதையையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று.

"தெரியலைங்க," என்றாள்.